கரி, கறி, காற்று: பேரல் ஸ்மோக்கரில் சூடு ஏன் நிலையாக நிற்க வேண்டும்?



"டாக்டர், பழைய பேரல்ல ஸ்மோக்கர் செஞ்சிருக்கோம். சூடு ஒரு நிலையில நிக்க மாட்டேங்குது. மூடினா 80க்கு இறங்குது, திறந்தா 180க்கு ஏறுது. இதுல சமைச்சு சாப்பிட்டா உடம்புக்கு ஏதும் ஆகுமா?"

இந்த மாதிரிக் கேள்விகள் இப்போது இன்பாக்ஸில் அடிக்கடி வருது. மொட்டை மாடி, தோட்டம், பண்ணை வீடு என்று எல்லா இடத்திலும் பேரல் முளைத்துவிட்டது. சந்தோஷம்தான்.

பெரும்பாலானவர்கள் இதை ரெண்டு கேள்வியாகப் பிரித்துவிடுகிறார்கள். சூட்டை நிறுத்துவது எப்படி என்பதை யூடியூபிடம் கேட்கிறார்கள். உடம்புக்கு ஆகுமா என்பதை டாக்டரிடம் கேட்கிறார்கள்.

என்னைப் பொறுத்தவரை ரெண்டும் ஒரே கேள்வி. சூடு நிலையாக நின்றால் கறி மெத்தென்று வரும், புகை சுத்தமாக வரும், கிருமியும் சாகும். சூடு ஆடினால் இந்த மூன்றுமே கெடும்.

அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேரலை மூன்று மணி நேரம் ஒரே சூட்டில் நிறுத்தத் தெரியாத வரை, அதில் அடுத்தவருக்குச் சமைத்துப் போடாதீங்க. முதல் ரெண்டு தடவை கறியே வைக்காமல் வெறும் பேரலை ஓட்டிப் பழகுங்க. "கரி வீணாப் போகுமே" என்று தோன்றும். ஒரு கிலோ ஆட்டுக்கறி விற்கிற விலையையும் ஒரு கிலோ கரியின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. எது வீணானால் பரவாயில்லை என்று நீங்களே சொல்வீங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பேரல் ஸ்மோக்கர்னா என்ன?

இது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வளர்ந்த சமையல் முறை. அங்கே 55 கேலன் பேரல் என்பார்கள், நம்ம ஊரில் 200 லிட்டர் பேரல். அடியில் கரிக்கூடை. பேரலின் அடிப்பக்கத்தில் மூன்று நாலு காற்றுத் துளை. கரியிலிருந்து ரெண்டு அடி உயரத்தில் கம்பி வலை. வலை மேல் கறி. மூடியில் புகை போக ஒரு துளை. அவ்வளவுதான் மொத்த இயந்திரமும். பார்க்க லட்சணமாக இருக்காது. அமெரிக்கர்களே செல்லமாக "அசிங்கமான டிரம்" என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அல்ஃபாம், தந்தூரி மாதிரி கொதிக்கும் தணலில் சட்டென்று சுட்டு எடுக்கிற வேலை இதில்லை. 107 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரைக்கும் உள்ள சூட்டில், கறியை மணிக்கணக்கில் வேக விடுவது. நம்ம வீட்டு மொழியில் சொன்னால், சிம்மில் வைப்பது.

ஏன் இவ்வளவு மெதுவாக? ஆட்டுக்கால் பாயா வைக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்க. காலை அரை மணி நேரம் வேக வைத்தால் ரப்பர். ராத்திரி முழுக்க சிறு தீயில் கிடந்தால் ஒட்டும் பதத்தில் சாறு இறங்கும். தசைக்குள் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப் புரதம், நேரமும் ஈரமும் கிடைத்தால் ஜெலட்டினாக உருகும். தொடை, சப்பை மாதிரி நன்றாக உழைத்த தசைகளில் கொலாஜன் அதிகம். அவை மெத்தென்று ஆக உள்சூடு 90 டிகிரியைத் தாண்ட வேண்டும், அதுவும் நிதானமாகத் தாண்ட வேண்டும். அவசரப்பட்டால் வெளியே கருகும், உள்ளே நார் நாராக நிற்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. அமெரிக்க வீடியோக்களில் சொல்லும் எண்கள் எல்லாம் ஃபாரன்ஹீட். அவர்கள் 225 என்றால் நமக்கு 107. அவர்கள் 250 என்றால் நமக்கு 121. 225ஐ செல்சியஸ் என்று நினைத்து ஏற்றிவிட்டு, "கறி ஏன் கரியாப் போச்சு" என்று கேட்கக் கூடாது.

சூட்டை நிர்ணயிப்பது காற்று

விறகு அடுப்பில் வளர்ந்த நமக்கு ஒரு பழக்கம் இருக்கு. சூடு குறைந்தால் விறகைத் தள்ளு, கூடினால் இழு. கேஸ் அடுப்பில் குமிழைத் திருகு. பேரலில் இந்த ரெண்டும் நடக்காது. எரிபொருள் முழுவதும் முன்கூட்டியே உள்ளே இருக்கு. நாலு கிலோ கரியும் ஒரே நேரத்தில் எரியத் தயாராகத்தான் கிடக்கு. அதில் எவ்வளவு எரிய வேண்டும் என்பதை முடிவு செய்வது உள்ளே போகும் காற்றின் அளவு மட்டுமே.

ஆகவே பேரலின் குமிழ், அடியில் இருக்கும் அந்தத் துளைகள்தான்.

இங்கே மூன்று விதிகள்.

முதல் விதி: கரி முழுவதையும் பற்ற வைக்காதீங்க. கூடை நிறைய பற்றாத கரி. அதன் நடுவில் சின்னக் குழி. அந்தக் குழியில் தனியாகப் பற்ற வைத்த பத்துப் பதினைந்து தணல் துண்டுகள், அவ்வளவே. நெருப்பு அங்கிருந்து மெல்ல மெல்லப் பக்கத்துக் கரிக்குப் பரவும். முழுக் கூடையும் ஒரே நேரத்தில் தணலாகிவிட்டால் அந்தச் சூட்டை இறக்க ஒரு மணி நேரம் போராடணும்.

இரண்டாம் விதி: சூட்டை ஏறும்போதே பிடிங்க. இலக்கு 120 என்றால், 95 வந்ததும் துளைகளை ஒவ்வொன்றாக மூட ஆரம்பியுங்க. 110 வரும்போது ஒரே ஒரு துளை திறந்திருந்தால் பெரும்பாலும் போதும். 120 வந்த பிறகு மூடினால் அது 150ஐப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். தகரத்துக்கும் கரிக்கும் ஏற்கெனவே ஏறிய சூடு உடனே எங்கும் போகாது.

மூன்றாம் விதி: அடித் துளையைக் கொஞ்சமாகத் திருகுங்க, மூடியில் இருக்கும் புகைத் துளையை முழுசாகத் திறந்தே வையுங்க. சூடு ஏறுகிறது என்று பயந்து மேல் துளையை அடைப்பது பலர் செய்வது. மேலே அடைத்தால் புகை உள்ளேயே தேங்கும். கறியில் கரிப்பிசின் படிந்து கசக்கும், நாக்கு மரத்துப் போகும். அடைக்க வேண்டியதை அடியில்தான் அடைக்கணும்.

திருகிவிட்டுக் காத்திருங்கள்

வார்டில் நாங்கள் தினமும் பார்ப்பது இது. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த ஐந்தாவது நிமிடம் "இன்னும் குறையல டாக்டர், இன்னொரு ஊசி போடுங்க" என்பார்கள். மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் அடுத்த டோஸ் போட்டால், ரெண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது நிலைமை வேறு பக்கம் கவிழும்.

பேரலும் அப்படித்தான். ஒரு துளையைக் கால்வாசி திருகினால் அதன் பலன் தெரிய 15, 20 நிமிடம் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து இன்னொரு துளையைத் திறந்தால், அரை மணி நேரத்தில் ரெண்டும் சேர்ந்து 170க்குத் தூக்கும். பயந்து எல்லாவற்றையும் மூடுவீங்க. 85க்கு விழும். மறுபடி திறப்பீங்க. கடைசி வரை இந்த ஊஞ்சலாட்டம்தான். "என் பேரல் சரியில்லை" என்று சொல்கிற பலருடைய பேரல் நன்றாகத்தான் இருக்கு. அதைச் சும்மா விடவில்லை, அதுதான் பிரச்சினை.

ஒரு எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீங்க, போக்கைப் பாருங்க. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தாளில் குறிச்சு வையுங்க, ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் தொங்கும் டெம்பரேச்சர் சார்ட் மாதிரி. 118, 123, 116, 121 என்று ஆடினால் அது நிலையான சூடு, கை வைக்க வேண்டாம். 118, 124, 129, 133 என்று ஒரே திசையில் போனால்தான் திருகணும். அதுவும் ஒரு துளையை, கொஞ்சமாக, ஒருமுறை.

மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும் ஆசைக்கும் இதே மருந்து. திறந்தால் சூடு இறங்கும் என்று நினைக்கிறோம். அந்த நிமிடம் இறங்கும், உண்மை. ஆனால் உள்ளே புதுக் காற்று கொட்டுவதால் தணல் பெருசாகும். மூடிய பிறகு முன்பிருந்ததை விட மேலே ஏறும். கறியில் இருந்து கொழுப்பு நேராகத் தணலில் சொட்டும் அமைப்பு இது, ஆகவே குப்பென்று தீயும் பிடிக்கும். முகத்தை நேராக மேலே வைத்துக்கொண்டு மூடியைத் தூக்காதீங்க. பக்கவாட்டில் நின்று தூக்கி, பார்த்துவிட்டு, சட்டென்று மூடுங்க.

நம்ம ஊர்க் கரி, நம்ம ஊர்க் காற்று

டெக்சாஸில் கறி சுடுவதற்குப் பேர்போன மரங்களில் ஒன்று மெஸ்கீட். நம்ம ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் கரிமூட்டம் போடும் சீமைக்கருவேலம் அந்த மரத்துக்கு நெருங்கிய சொந்தம். எனவே "நல்ல கரி வெளிநாட்டில்தான் கிடைக்கும்" என்ற கவலை தேவையில்லை. சீமைக்கருவேலங்கரி நன்றாகச் சூடு தரும்.

ஆனால் அதில் ஒரு குணம் உண்டு. மூட்டையில் கை முட்டி அளவுத் துண்டும் இருக்கும், சுண்டு விரல் துண்டும் இருக்கும், அடியில் தூளும் இருக்கும். பெரிய துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் காற்று அங்கே பாயும், திடீரென்று சூடு ஏறும். தூள் அடைத்தால் காற்று நிற்கும், சூடு விழும். தூளைச் சலித்துத் தள்ளிவிட்டு, பெரிய துண்டுகளை உடைத்து ஓரளவு ஒரே அளவாக்கி, இடைவெளி இல்லாமல் அடுக்குங்க. இந்தப் பத்து நிமிட வேலை பின்னால் மூன்று மணி நேர நிம்மதி.

கரிக்கூடைக்குக் கீழே மூன்று நாலு அங்குலம் காலியாக இருக்கணும். சாம்பல் அங்கே விழும். நல்லா ஓடிக்கொண்டிருந்த பேரல் மூன்றாம் மணி நேரத்தில் காரணமே இல்லாமல் சூடு குறைந்தால், பெரும்பாலும் சாம்பல் துளையை அடைத்திருக்கும். ஒரு கம்பியால் துளை வழியே குத்திவிட்டால் சரியாகும்.

காற்றடிக்கும் பக்கம் துளையை வைக்காதீங்க. ஆடி மாதக் காற்றில் மொட்டை மாடியில் வைத்தால் யாராலும் சூட்டை நிறுத்த முடியாது. மறைப்பான இடத்தில், ஆனால் மேலே திறந்த வெளியில் வையுங்க.

சூடு ரொம்ப ஆடுகிறதென்றால் கறிக்கும் கரிக்கும் நடுவில் ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வையுங்க. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. கூடுதல் சூட்டை வாங்கி ஆவியாக விடும். சொட்டும் கொழுப்பையும் பிடித்துக்கொள்ளும். வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்போ டாக்டர் வேலைக்கு வர்றேன்

ஷவர்மா பிரச்சினை செய்திகளில் வந்தபோது எல்லோரும் கடைக்காரர்களைத் திட்டினோம். திட்டியது சரிதான். ஆனால் கிருமிக்குக் கடை என்றும் தெரியாது, நம்ம வீட்டு மாடி என்றும் தெரியாது.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கும் உணவில் பாக்டீரியா வேகமாகப் பெருகும். உலக சுகாதார நிறுவனம் உணவுப் பாதுகாப்புக்குச் சொல்லும் அடிப்படை விதி இது. குளிர்ந்தது 5க்குக் கீழே, சூடானது 60க்கு மேலே. நடுவில் கிடக்கும் நேரம்தான் ஆபத்து.

பேரலை 80க்கும் 90க்கும் நடுவில் தடுமாற விட்டால், உள்ளே இருக்கும் கறி இந்த ஆபத்து எல்லையைக் கடக்க ரொம்ப நேரம் எடுக்கும். அதிலும் ஃப்ரீசரில் இருந்து எடுத்துச் சரியாக உருகாத முழுக்கோழி என்றால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஸ்மோக்கரில் வைக்கும் முன் கறியை முழுமையாக உருக வையுங்கள் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்வது இதற்காகத்தான்.

"கடைசியில் சூட்டை ஏத்திட்டா கிருமி செத்துடுமே டாக்டர்?"

நல்ல கேள்வி. கிருமி சாகும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற சில கிருமிகள், பெருகும்போது நச்சை வெளியே விட்டுவிடும். அந்த நச்சு சமையல் சூட்டுக்கு அசையாது. கிருமி செத்த பிறகும் நச்சு கறியிலேயே இருக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி எடுக்க வைக்கும். ஆகவே கடைசி அரை மணி நேரச் சூடு, முதல் மூன்று மணி நேர அலட்சியத்தைச் சரிக்கட்டாது. ஆரம்பத்தில் இருந்தே நிலையான சூடு வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதன் காரணம் இதுதான்.

இதனால் சில பழக்கங்கள்.

மசாலா தடவிய கோழியை வெளியே வைத்துவிட்டு பேரலைப் பற்ற வைக்காதீங்க. பேரல் அரை மணி நேரம் 120இல் நின்று காட்டட்டும். அதுவரை கோழி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

முழுக்கோழியை நெஞ்சைப் பிளந்து தட்டையாக விரித்து வையுங்க. சூடு சமமாகப் போகும். வயிற்றுக்குள் சாதம், முட்டை, மசாலா திணித்து ஸ்மோக்கரில் வைக்காதீங்க.

கொத்துக்கறி, கோலா உருண்டை வகையில் கூடுதல் கவனம் வேண்டும். முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேல் பரப்பில்தான் இருக்கும், அங்கே சூடு சீக்கிரம் ஏறிவிடும். அரைத்த கறியில் மேல் பரப்பே உள்ளேயும் போய்விடுகிறது.

சமைத்து முடித்த கறியை ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீங்க. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான். நம்ம ஊரில் வருடத்தில் பாதி நாள் அந்தக் கணக்குதான்.

நிறத்தை நம்பாதீங்க, தெர்மாமீட்டரை நம்புங்க

வீட்டில் கோழி வெந்ததா என்று பார்க்க நிறத்தைப் பார்ப்போம். சிவப்பு போனால் வெந்தது. புகையில் வெந்த கறியில் இந்தக் கணக்கு தப்பும். புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்ஸைடும் கார்பன் மோனாக்சைடும் தசையின் மயோகுளோபினோடு ஒட்டிக்கொண்டு ரோஸ் நிறத்தை அப்படியே நிறுத்திவிடும். நன்றாக வெந்த கோழியும் ரோஸாக இருக்கும். மேலே பொன்னிறமாக மின்னும் கோழி உள்ளே வேகாமலும் இருக்கும்.

எனவே ரெண்டு தெர்மாமீட்டர் வேணும். ஒன்று கறி இருக்கும் வலை உயரத்தில், பேரலின் சூட்டைப் பார்க்க. மூடியில் பொருத்திய வட்ட மீட்டரை மட்டும் நம்பாதீங்க. மூடி உயரத்துச் சூடும் கறி உயரத்துச் சூடும் ஒன்றாக இருக்காது. இன்னொன்று கறிக்குள் குத்திப் பார்க்க. கோழி என்றால் நெஞ்சிலும் தொடையிலும் தடித்த இடத்தில், எலும்பில் படாமல், 74 டிகிரி. அதற்குக் கீழே இறக்கவே இறக்காதீங்க.

வாங்கிய தெர்மாமீட்டர் உண்மை சொல்கிறதா? ஐஸ் நிறையப் போட்ட தண்ணீரில் 0 காட்டணும். கொதிக்கும் தண்ணீரில் 100 காட்டணும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் பயப்படாதீங்க, அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும்.

நடுவில் சூடு ஏறாமல் நிற்கும். பதறாதீங்க.

பெரிய துண்டாக வைத்தால் ஒரு கட்டம் வரும். உள்சூடு 65, 70 வரைக்கும் ஒழுங்காக ஏறிவிட்டு, அப்படியே மணிக்கணக்கில் நின்றுவிடும். பேரல் 120இல்தான் இருக்கு. கறி மட்டும் நகராது. இந்த இடத்தில்தான் நிறைய பேர் எல்லாத் துளைகளையும் திறந்து, அதுவரை காப்பாற்றிய நிதானத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நடப்பது மிகச் சாதாரணமான விஷயம். கறி வியர்க்கிறது. உள்ளிருந்து ஈரம் மேலே வந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். வியர்த்த உடம்பில் ஃபேன் காற்று பட்டால் சிலுசிலுவென்று இருப்பதும் இப்படித்தான். ஈரம் குறைந்ததும் சூடு தானாக ஏறும். நேரமில்லை என்றால் கறியை எடுத்து அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி மறுபடி வையுங்க. ஆவி போக வழி இல்லாததால் சூடு நகர ஆரம்பிக்கும். காற்றுத் துளைகளுக்கு இதில் வேலையே இல்லை.

உயிரோடு விளையாடும் இடம்

இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க.

காற்றைக் குறைத்து எரிக்கும் கரி, கார்பன் மோனாக்சைடை நிறையவே வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகை அடங்கி, சாம்பல் பூத்து, "அணைஞ்சிடுச்சு" என்று நாம் நினைக்கும் தணலில் இருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

மலைப் பிரதேச விடுதிகளில் குளிருக்காக பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழவே இல்லை என்ற செய்திகளை நாம் படித்திருக்கிறோம். மழை வந்துவிட்டது என்று பேரலை கார் ஷெட்டுக்குள் இழுப்பது, மாடி ரூமுக்குள் தள்ளுவது, தார்ப்பாயால் நாலு பக்கமும் மூடுவது, எதுவும் கூடாது. மழை வந்தால் அன்றைக்கு அடுப்பங்கரையில் குழம்பு வையுங்க.

பேரல் பக்கத்தில் இருந்தவருக்குத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்றால் உடனே திறந்த வெளிக்குக் கூட்டிப் போங்க. 108ஐக் கூப்பிடுங்க. இன்னொன்று. கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் இருக்கு. அதை மாட்டி "98 காட்டுது, ஒண்ணுமில்லை" என்று இருந்துவிடாதீங்க. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் அது ஆக்ஸிஜன் ஒட்டியது என்றே கணக்கு எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் அதன் எண்ணுக்கு மதிப்பில்லை.

பற்ற வைக்க பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தீக்காய வார்டை ஒருமுறை பார்த்தவர் அந்தக் கேனைத் தொட மாட்டார். தேங்காய் நாரும் பழைய பேப்பரும் போதும்.

பேரல் எங்கிருந்து வந்தது?

காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கும் பேரல் ஒரு காலத்தில் எதைச் சுமந்தது என்று யாருக்கும் தெரியாது. பூச்சிக்கொல்லி, சாயம், கரைப்பான் சுமந்த பேரலை எத்தனை தடவை கழுவினாலும் சமையலுக்கு ஆகாது. தீப்பற்றும் திரவம் இருந்த மூடிய பேரலில் கட்டரோ வெல்டிங்கோ வைத்தால் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். சில பேரல்களின் உள்ளே ரசாயனப் பூச்சு இருக்கும், சூட்டில் அது உரிந்து புகையும். துத்தநாகம் பூசிய தகரமும் நெருப்புக்கு ஆகாது. உணவுப் பொருள் வந்த, உள்பூச்சு இல்லாத பேரலை வாங்குங்க. இல்லையென்றால் புது பேரல். இதில் மிச்சம் பிடிக்காதீங்க.

"புற்றுநோய் வருமா டாக்டர்?"

நேர்மையான பதில். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலின் முதல் பிரிவில் வைத்தது. புகையில் பதப்படுத்திய இறைச்சியும் அதில் சேர்த்தி. அந்தப் பிரிவு சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்தின் அளவு சிகரெட்டுக்குச் சமம் என்று அர்த்தம் இல்லை. அடிக்கடி, அதிகமாகச் சாப்பிட்டால் ஆபத்து கூடும்.

கொழுப்பு தணலில் விழுந்து எரியும் புகையிலும், மூச்சுத் திணறும் நெருப்பின் கெட்டியான வெள்ளைப் புகையிலும் கெடுதலான பொருட்கள் அதிகம். சின்ன நெருப்பு, அளவான காற்று, கண்ணுக்கு லேசான நீலமாகத் தெரியும் மெல்லிய புகை. நிலையான சூட்டின் அடையாளமும் அதுதான். கெட்டிப் புகை அடங்கிய பிறகுதான் கறியை வைக்கணும். கருகிய ஓரத்தை வெட்டி எறியணும். மாதத்தில் ஒரு நாள் போதும், வாராவாரம் வேண்டாம். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள் தட்டில் வைக்கும் துண்டை மட்டும் இன்னொருமுறை தெர்மாமீட்டரால் குத்திப் பாருங்க.

சாப்பிட்ட பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் குடிக்க ஆரம்பியுங்க. காய்ச்சல், மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவது, குழந்தை சோர்ந்து கிடப்பது, இதில் எது இருந்தாலும் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வந்துவிடுங்க. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

எனவே வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு என் சீட்டு இதுதான். கறி வாங்காதீங்க. ரெண்டு தெர்மாமீட்டர் வாங்குங்க. கூடை நிறையக் கரி, நடுவில் பத்துத் தணல், அடியில் ஒரு துளை, கையில் ஒரு தாள். மூன்று மணி நேரம் 110க்கும் 130க்கும் நடுவில் வெறும் பேரலை நிறுத்திக் காட்டுங்க. முடிந்ததும் எல்லாத் துளைகளையும் மூடியையும் அடைத்துவிட்டால் காற்றில்லாமல் நெருப்பு அணையும். மிச்சக் கரி அடுத்த தடவைக்கு ஆகும். சாம்பலை மறுநாள் கொட்டுங்க.

அந்தத் தாளை எனக்கு அனுப்புங்க. நன்றாக இருந்தால் அதற்கு அடுத்த ஞாயிறு கோழி வாங்கலாம்.



அரசு மருத்துவர்
எம்.பி.பி.எஸ்.